காலடிக் கல் கூறும் கதை

யாழ்ப்பாணத்துப் பழைய மதிலொன்றிலிருந்து உதிர்ந்த வெண்ணிறக் கல் ஒன்று; கண்டிக்குச் செல்லும் மலைப்பாதையின் ஓரத்தில் குவிந்து கிடக்கும் சல்லிக் கற்களில் ஒன்று. இவ்விரண்டையும் ஒரு மேசையின்மீது அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு அவற்றின் வேற்றுமை எளிதிற் புலனாகும். வெண்கல்லைச் சுரண்டி எடுத்த பொடியின்மேல் சில துளி வினாகிரியை விட்டால் அது நுரைத்துப் பொங்கும். மலைநாட்டுக் கருங்கல்லின் பொடியில் அவ்வாறு எதுவும் நிகழாது. வெண்கல்லைக் கூர்ந்து நோக்கினால் சிப்பியின் சுவடும் சங்கின் சுவடும் ஆங்காங்கே தென்படும். கருங்கல்லிலோ பட்டை பட்டையான கோடுகளும், சில வேளைகளிற் செந்நிற மணிகளும் பதிந்திருக்கும். ஒரு சிறு தீவின் இரு பகுதிகளிலிருந்து எடுத்த கற்கள் இத்துணை வேறுபடுவதற்குக் காரணம் யாது?

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர், நிலம் என்றும் நிலையானது என்னும் பழைய எண்ணத்தை முதலிற் கைவிட வேண்டியவராகின்றனர். அசையாத பொருளுக்கு மலையையும், பொறுமைக்கு நிலத்தையும் உவமை கூறுவது தமிழ் மரபு. ஆயினும், மனித வாழ்வின் சிறிய அளவுகோலை வைத்துவிட்டுப் பல கோடி ஆண்டுகள் என்னும் பெரிய அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது, மலைகள் எழுகின்றன, தேய்கின்றன, கண்டங்கள் பிரிகின்றன, கூடுகின்றன. அவ்வியக்கத்தின் கதை கற்களில் எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் படிக்கும் கலையே புவிச்சரிதவியல்.

பாறைகளை அவை பிறந்த முறை கொண்டு மூவகையாக வகுப்பர். பூமியின் உள்ளே உருகிய நிலையிலிருந்த குழம்பு ஆறி இறுகியதால் உண்டானவை தீப்பாறைகள். எரிமலையின் வாயிலிருந்து வழிந்து ஆறிய கரும்பாறையும், நிலத்தின் அடியில் மெல்ல மெல்ல ஆறிப் பெரிய பளிங்குகளைக் கொண்டு விளங்கும் கருங்கல்லும் இவ்வகையின. மழையும் வெயிலும் காற்றும் பாறைகளைச் சிதைக்க, ஆறுகள் அச்சிதைவுகளை வாரிச் சென்று தாழ்ந்த நிலத்திலும் கடலிலும் படையாகப் பரப்ப, அப்படைகள் ஒன்றன்மீதொன்று அழுந்தி இறுகியதால் உண்டானவை அடையற் பாறைகள். கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய சுண்ணக்கல்லும் இவ்வகையில் அடங்கும். இவ்விருவகைப் பாறைகளும் மீண்டும் பூமியின் ஆழத்தில் அமிழ்ந்து, கடும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு, உருகாமலே தம் இயல்பு மாறும்போது உருமாறிய பாறைகள் ஆகின்றன. சுண்ணக்கல் சலவைக்கல்லாவதும், மணற்கல் படிகக்கல்லாவதும், களிக்கல் பலகைக்கல்லாவதும் இவ்வாறே.

இம்மூவகையும் தனித்தனிச் சாதிகளாக நின்றுவிடுவன அல்ல. தீப்பாறை தேய்ந்து அடையலாகும். அடையல் ஆழ்ந்து உருமாறும். உருமாறியது மேலும் வெப்பமுற்று உருகிக் குழம்பாகும். குழம்பு மீண்டும் எழுந்து தீப்பாறையாகும். கடல்நீர் ஆவியாகி, முகிலாகி, மழையாகி, ஆறாகி மீண்டும் கடலை அடைவதைப் போன்றதே இச்சுழற்சியும். நீரின் சுழற்சி சில நாட்களில் நிறைவேறக் கூடியது. பாறையின் சுழற்சிக்கோ பல கோடி ஆண்டுகள் வேண்டும். நீரைச் சுழற்றும் ஆற்றல் ஞாயிற்றிலிருந்து வருகின்றது. பாறையை ஆழத்துக்கு இழுத்துச் செல்வதும் மேலே தள்ளுவதும் எவ்வாற்றல் என்பது நெடுங்காலம் அறியப்படாத மறைபொருளாகவே இருந்தது.

அம்மறைபொருளின் கதவை முதன்முதல் தட்டியவர்களுள் தலையாயவர் அல்பிரட் வெகனர் என்னும் ஜேர்மானியர். 1880 ஆம் ஆண்டு பிறந்த இவர், வானிலை ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டவர், புவிச்சரிதவியலாளர் அல்லர். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆபிரிக்காவின் மேற்குக் கரையும் கிழித்த தாளின் இரு துண்டுகள் போற் பொருந்துவதைப் பலரும் தேசப்படத்திற் கண்டிருந்தனர். வெகனர் அப்பொருத்தத்துடன் நின்றுவிடாமல், இரு கரைகளிலும் உள்ள பாறைகளையும், கல்லாய்ச் சமைந்த பழைய உயிரினங்களையும் ஒப்பிட்டார். இன்று சமுத்திரத்தால் பிரிக்கப்பட்டுள்ள நிலங்களில், கடலைக் கடக்க இயலாத ஒரே விலங்கின் எலும்புகளும் ஒரே செடியின் இலைகளும் காணப்பட்டன. ஆகவே இந்நிலங்கள் யாவும் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்து பிற்காலத்திற் பிரிந்து நகர்ந்தன என்று 1912 ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். 1915 இல் நூலாகவும் வெளியிட்டார்.

அறிஞருலகம் அவரை வரவேற்கவில்லை. இத்துணைப் பெரிய கண்டங்களைத் தள்ளும் வலிமை எதற்குண்டு என்று கேட்டார்கள். அக்கேள்விக்கு வெகனர் அளித்த விடை போதியதாயில்லை. சான்றுகள் வலியன, ஆயினும் காரணம் மெலிந்தது. ஏளனமும் எதிர்ப்பும் தொடர, அவர் தம் நூலை மீண்டும் மீண்டும் திருத்தி வெளியிட்டு வந்தார். 1930 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கிறீன்லாந்தின் பனிவெளியில், நடுநிலையத்திலிருந்த தோழர்க்கு உணவும் பொருளும் கொண்டுசென்று திரும்பும் வழியில் உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது. தம் கொள்கை ஏற்கப்பட்டதை அவர் காணவில்லை.

வெகனர் கூறமுடியாது விட்ட காரணத்தை ஆதர் ஓம்சு என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர் 1920 களின் இறுதியில் ஊகித்தார். பூமியின் நடுவிலிருந்து மேற்பரப்பு வரையுள்ள தொலைவு ஏறக்குறைய 6,371 கிலோமீற்றர். அதன் மேலோடு மிக மெல்லியது. சமுத்திரங்களின் அடியில் 5 முதல் 10 கிலோமீற்றரும், கண்டங்களின் அடியில் சராசரி 35 கிலோமீற்றர் அளவும் தடிப்புடையது. அதன் கீழே ஏறக்குறைய 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை பரந்துள்ள பாறைப் பகுதியை மூடி என்பர். அம்மூடி திண்மமானதே, எனினும் மிகுந்த வெப்பத்தினால், நெடுங்கால அளவில், கெட்டியான பாகு போல அது மெல்ல நகரவல்லது. அடுப்பிலே கொதிக்கும் கஞ்சி நடுவில் எழுந்து, ஓரத்தை நோக்கிப் பரந்து, குளிர்ந்து, மீண்டும் கீழே அமிழ்வதை யாவரும் கண்டிருப்பர். அதனையொத்த ஓட்டம் பூமியின் மூடியிலும் நிகழ்கின்றது என்பதே ஓம்சின் கருத்து.

இக்கருத்துக்குச் சான்று நிலத்திற் கிடைக்கவில்லை, கடலடியிற் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், கப்பல்களிலிருந்து ஒலியை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு கடலின் ஆழத்தை அளக்கும் முறை பெருகிற்று. அமெரிக்காவில் மேரி தார்ப் என்னும் பெண்மணியும் புரூசு கீசன் என்பவரும் அவ்வளவுகளைத் தொகுத்துச் சமுத்திர அடித்தளத்தின் படத்தை வரைந்தார்கள். பெண்ணென்ற காரணத்தால் அக்காலத்தில் ஆய்வுக் கப்பலில் ஏற இடமளிக்கப்படாத தார்ப், கரையிலிருந்தவாறே எண்களைப் படமாக்கினார். அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு செல்லும் மலைத்தொடரின் முதுகில் ஆழ்ந்த பிளவுப் பள்ளத்தாக்கு ஒன்று ஓடுவதை அவரே கண்டறிந்தார். முதலில் அவர் சொல்லை உடன் ஆய்ந்தவரே நம்பவில்லை. படம் முழுமை பெற்றபோது மறுப்பதற்கு இடமில்லாது போயிற்று.

1962 ஆம் ஆண்டில் ஆரி எசு என்னும் அமெரிக்க அறிஞர் அப்பிளவின் பொருளை விளக்கினார். பிளவினூடாக உருகிய குழம்பு மேலெழுந்து ஆறிப் புதிய கடற்றளமாகின்றது. பழைய தளம் இருபுறமும் விலகிச் செல்கின்றது. மறு ஆண்டாகிய 1963 இல், பிரெட் வைன், டிரமண்ட் மாத்தியூசு என்னும் இரு பிரித்தானியர் இதற்கு அரிய சான்றொன்றை வெளியிட்டனர். பூமியின் காந்தமுனைகள் காலத்துக்குக் காலம் வடக்குத் தெற்காகவும் தெற்கு வடக்காகவும் மாறியுள்ளன. ஆறி இறுகும் பாறை தான் பிறந்த வேளையில் நிலவிய காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கின்றது. கடலடிப் பிளவின் இருபுறமும் இக்காந்தப் பதிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்த பட்டைகளாக அமைந்திருந்தன. அவர்கள் எடுத்துக்கொண்ட அளவீடுகளுட் சிறந்த ஒரு தொகுதி இந்து சமுத்திரத்தின் வடமேற்கிலுள்ள கால்சுபேக்கு முகட்டிற் பெறப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1960 களின் இறுதிக்குள் வெகனரின் கண்ட நகர்வு புதிய வடிவிற் புவித்தகட்டுக் கொள்கையாக நிலைபெற்றது.

இக்கொள்கையின்படி, பூமியின் மேலோடும் அதனுடன் ஒட்டிய மூடியின் மேற்பகுதியும் சேர்ந்து, ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தடிப்புள்ள பெருந்தகடுகளாகப் பிளந்து கிடக்கின்றன. பெரியவை ஏழு, சிறியவை பல. கண்டங்கள் இத்தகடுகளின் மீது ஏறிச் செல்லும் பயணிகளே. இவற்றின் வேகம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர். மனிதனின் விரல் நகம் வளரும் வேகத்துக்கு ஒப்பானது. தகடுகள் விலகும் இடத்திற் புதுத்தளம் பிறக்கின்றது. ஐசுலாந்து அவ்வாறு பிறந்த நிலம். தகடுகள் உராய்ந்து செல்லும் இடத்தில் நிலநடுக்கம் உண்டாகின்றது. 1906 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிசுக்கோ நகரை அழித்த நடுக்கம் இத்தகையது. தகடுகள் ஒன்றையொன்று மோதும் இடத்தில் மலைகள் எழுகின்றன. அல்லது ஒரு தகடு மற்றொன்றின் அடியிற் புகுந்து ஆழத்தில் அமிழ்கின்றது. பாறையின் சுழற்சிக்கு வேண்டிய இயந்திரம் இதுவே. பாறையை ஆழத்துக்கு இட்டுச் செல்வதும் இதுவே. மேலே உயர்த்துவதும் இதுவே.

இனி மேசைமேலுள்ள கருங்கல்லை மீண்டும் நோக்கலாம். இலங்கை நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. மலைநாட்டுப் பாறைகளின் மூலப்பொருளுட் சில 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பண்டைய நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாக இணைந்தன. இந்தியாவின் நடுப்பகுதியில் வாழும் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரிலிருந்து அக்கண்டத்துக்கு அப்பெயர் அமைந்தது. அம்மோதலின்போது இன்றைய மலைநாட்டுப் பாறைகள் 25 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில், 800 பாகை செல்சியசு அளவான வெப்பத்தில் வெந்து, மடிந்து, உருமாறின. கருங்கல்லிற் காணப்படும் பட்டைக் கோடுகள் அந்நெருக்குதலின் தழும்புகள். செந்நிற மணிகள் அவ்வெப்பத்தில் விளைந்த காணட்டு என்னும் கனிப்பொருள்.

அத்துணை ஆழத்திற் பிறந்த பாறை இன்று பாதையோரத்திற் கிடக்கின்றது என்றால், அதன் மேலிருந்த 25 கிலோமீற்றர் பாறை எங்கே சென்றது? மழையும் ஆறும் அதனை அரித்துக் கடலிற் சேர்த்துவிட்டன. அக்காலத்தில் இங்கே நின்ற பெருமலைகளின் முடிகள் முற்றாக அழிந்தன. இன்று 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பீதுருதாலகாலையும் அதனைச் சூழ்ந்த மலைகளும் அப்பழம்பெரும் மலைத்தொடரின் வேர்ப்பகுதியைச் சேர்ந்த பாறைகளே. இரத்தினபுரிப் பள்ளத்தாக்குகளில் இல்லம் என்று வழங்கும் கூழாங்கற் படையைத் தோண்டி, அரித்து, நீலக்கல்லும் பிற மணிகளும் எடுக்கும் தொழிலாளர், அவ்வழிவின் எச்சத்தையே கூடையில் அள்ளுகின்றனர். பாறையின் மென்மையான பகுதி கரைந்து போக, வன்மை மிக்க மணிகள் ஆற்றுப்படுகையில் தங்கின. போகலைச் சுரங்கத்தில் நரம்பு நரம்பாக ஓடும் காரீயமும், புல்மோட்டைக் கரையில் அலைகள் ஒதுக்கிய கனிப்பொருள் மணலும் இப்பழம் பாறைகளின் கொடையே.

மலைநாட்டிற் பரவலாகக் காணப்படும் கரிய பசுமை தோய்ந்த ஒருவகைக் கல்லுக்குச் சாணொக்கைற்று என்று பெயர். கல்கத்தா நகரின் தோற்றத்தோடு இணைத்துப் பேசப்படும் யோப் சாணொக்கு என்பவரின் கல்லறையில் உள்ள கல், சென்னைக்கு அண்மையிலுள்ள பரங்கிமலைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. அதனை ஆராய்ந்தவர்கள் கல்லறைக்குரியவரின் பெயரையே கல்லுக்கும் இட்டனர். இதே இனத்துப் பாறைகள் தென்னிந்தியாவிலும், இலங்கையிலும், மடகாசுக்கரிலும், பனி மூடிய கிழக்கு அந்தாட்டிக்காவிலும் காணப்படுகின்றன. இன்று கடல்கள் பிரிக்கும் இந்நிலங்கள் கொண்டுவானாவில் அயல்வீட்டார் போன்று அடுத்தடுத்து இருந்தமைக்கு இது சிறந்த சான்றாகும். புத்தளத்துக்கு அண்மையிலுள்ள தப்போவையிற் செடிகளின் சுவடுகள் பதிந்த அடையற் பாறைகள் கிடைத்துள்ளன. பெருங்கண்டம் பிளவுறத் தொடங்கிய யுராசிக் காலத்துக்குரியவை அவை.

ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவும் இலங்கையும் மடகாசுக்கரும் அந்தாட்டிக்காவை விட்டுப் பிரிந்தன. 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மடகாசுக்கர் பின்தங்கிற்று. இந்தியத் தகடு வடக்கு நோக்கி விரைந்தது. ஒரு கட்டத்தில் அதன் வேகம் ஆண்டுக்கு 15 சென்ரிமீற்றரையும் எட்டியது. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அது ஆசியாவோடு மோதியது. இடையே கிடந்த கடலின் அடையல்கள் மடிந்து மேலெழுந்து இமயமாயின. 8,848 மீற்றருக்கு மேல் உயர்ந்த எவரெசுட்டுச் சிகரத்தின் உச்சிக் கல், கடலுயிர்களின் சுவடுகளைத் தாங்கிய சுண்ணக்கல் என்றால், நிலத்தின் இயக்கத்துக்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. மோதல் இன்னும் ஓயவில்லை. இந்தியத் தகடு இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நகர்கின்றது.

இலங்கை இத்தகட்டின் விளிம்பில் இல்லாது உட்புறத்தே அமைந்துள்ளது. ஆகையால் இங்கே எரிமலை இல்லை. பெரிய நிலநடுக்கங்களும் அரிது. திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர் ஊறுவது எரிமலையினால் அன்று. மழைநீர் பாறை வெடிப்புக்களினூடாக ஆழ்ந்து சென்று, அங்கு நிலவும் இயல்பான வெப்பத்தைப் பெற்று மேலெழுவதே காரணம். எனினும் தகட்டின் உட்புறத்தே இருப்பது முழுக் காவலாகாது என்பதை ஒரு நாள் இத்தீவுக்குக் காட்டிற்று.

சுமாத்திராவின் மேற்கே இந்தியத் தகடு அயற்றகட்டின் அடியிற் புகுகின்றது. புகும்போது இரண்டும் ஓரிடத்திற் பிணங்கி நிற்கும். வளைக்கப்பட்ட மூங்கில் போல மேற்றகட்டின் விளிம்பு ஆண்டாண்டாக வளைந்து கொடுக்கும். தாங்கும் எல்லை கடந்தபோது பிணிப்பு அறும், மூங்கில் நிமிரும். 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள், இலங்கை நேரம் காலை 7 மணிக்குச் சற்று முன்னர், அவ்வாறு நிகழ்ந்தது. ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்றளம் பிளந்து உயர்ந்தது. நடுக்கத்தின் அளவு 9.1. உயர்ந்த தளம் தன்மேலிருந்த நீரை முழுவதும் தூக்கி எறிந்தது. காற்றினால் எழும் அலை கடலின் மேற்பரப்பை மட்டுமே அசைக்கும். ஆழிப்பேரலையோ அடித்தளம் வரையுள்ள நீரனைத்தையும் அசைத்து, ஆழ்கடலில் ஆகாய விமானத்துக்கு ஒப்பான வேகத்திற் செல்லும். கரையை நெருங்கி ஆழம் குறையும்போது அதன் வேகம் தணியும், உயரம் பெருகும்.

நிலத்தினூடாகச் செல்லும் அதிர்வு சில நிமிடங்களில் இலங்கையை அடைந்தது. அலை கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் சென்றது. அவ்விரண்டு மணித்தியாலம் ஓர் ஊரையே உள்நாட்டுக்கு நடத்திச் செல்லப் போதியது. ஆனால் இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. சில கரைகளிற் கடல் முதலில் உள்வாங்கியது. வெளிப்பட்ட மணலையும் துடிக்கும் மீனையும் காணச் சிறுவர் ஓடினர். முல்லைத்தீவிலும், மட்டக்களப்பிலும், கல்முனையிலும், தென்கரையிலும் பேரலை ஊர்களை வாரிச் சென்றது. இலங்கையில் மட்டும் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையில், சுமாத்திராவின் கரைக்கப்பால், சிமலூ என்றொரு தீவு உண்டு. ஏறக்குறைய 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் அன்று இறந்தோர் ஏழு பேர் மட்டுமே. 1907 இல் அங்கே ஓர் ஆழிப்பேரலை பலரைக் கொன்றிருந்தது. அதன் நினைவைச் சுமோங்கு என்னும் ஒரு சொல்லில் அடக்கி, நிலம் நடுங்கியபின் கடல் வற்றினால் மலைக்கு ஓடுக என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் ஓதி வந்தனர். அவர்களிடம் கருவிகள் இருக்கவில்லை. தகட்டுக் கொள்கையை அவர்கள் படித்ததுமில்லை. தலைமுறை விட்டுத் தலைமுறைக்குக் கையளித்த அறிவு அவர்களைக் காத்தது.

இன்று இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை ஒழுங்கு உண்டு. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அறிவித்தல்களை வழங்கி வருகின்றன. 2012 ஏப்ரில் 11 ஆம் நாள் சுமாத்திராவின் மேற்கே 8.6 அளவான நடுக்கம் உண்டானபோது இலங்கைக் கரையோர மக்கள் உள்நாட்டுக்கு விலகினர். அம்முறை தளம் மேல்நோக்கி எழாமற் பக்கவாட்டிற் பெயர்ந்தமையாற் பேரலை எழவில்லை. வீணாக அலைந்தோமே என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். ஆயினும் வாராத அலைக்குப் பத்து முறை விலகுவது, வந்த அலைக்கு ஒருமுறை விலகாதிருப்பதினும் மேலானது. கடல் திடீரென உள்வாங்கினாலோ பேரிரைச்சல் எழுப்பினாலோ உயர்ந்த இடத்தை நாடுதல் வேண்டும் என்பதும், முதல் அலையோடு யாவும் முடிந்துவிடாது என்பதும் கரையோரப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பாடம்.

இனி வெண்கல்லின் வரலாறு. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய மயோசீன் காலத்தில் இலங்கையின் வடக்கும் வடமேற்கும் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடியிற் கிடந்தன. எண்ணிறந்த நுண்ணுயிர்களின் ஓடுகளும் சிப்பிகளும் அங்கே படிந்தன. பின்னர் நிலமும் கடலும் தம் மட்டம் மாறியபோது அப்படிவு வெளிப்பட்டு, யாழ்ப்பாணம் முதல் புத்தளம் வரை பரந்த சுண்ணக்கல்லாயிற்று. காங்கேசன்துறையில் 1950 இல் நிறுவப்பட்டு 1990 இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை இக்கல்லையே நம்பி நடந்தது. வலிகாமத்துச் செம்பாட்டு மண் இக்கல்லின் மேலேயே கிடக்கின்றது.

மழைநீர் சுண்ணக்கல்லை மெல்லக் கரைக்கவல்லது. ஆகவே யாழ்ப்பாணத்தின் அடித்தளம் வெடிப்பும் குகையும் நிறைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் அங்கில்லை. மாரி மழை கல்லினுட் புகுந்து தங்குகின்றது. கடலுக்கு அருகே கீரிமலையில் நன்னீர் ஊறுவதும், புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு அடிகாணாதது என்று பேர் பெற்றதும் இக்காரணம் பற்றியே. நிலாவரையின் மேல்நீர் நன்னீர். ஆழத்து நீர் உவர்நீர். குடாநாடு முழுவதற்கும் இதுவே நியதி. நன்னீர் உவர்நீரினும் இலேசானது; ஆதலின் அதன்மேல் வில்லை போல மிதக்கின்றது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தாற் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறும் என்பதும் அதே கணக்கு.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. வெடிப்பு மிகுந்த கல் மழைநீரை விரைவில் உள்வாங்குவது போலவே, தோட்டத்து உரத்தையும் மலகூடக் குழியின் கழிவையும் விரைவில் உள்வாங்குகின்றது. அதனால் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியுள்ளது; கரையோரக் கிணறுகள் சில உவர்த்தன. குளங்களைத் தூர்த்து வீடு கட்டுவோர், மழைநீர் கல்லினுட் புகும் வாயிலையே அடைக்கின்றனர். ஆற்றுநாட்டில் வாழ்வோர் பிழை செய்தால் அடுத்த வெள்ளம் ஓரளவு கழுவிச் செல்லும். சுண்ணக்கல் நாட்டில் வாழ்வோரின் பிழை, அவர் பிள்ளைகள் குடிக்கும் கிணற்றிலேயே தங்கிவிடும்.

மேசையின் மேலுள்ள இரு கற்களும் இப்பொழுது வெறுங் கற்களாகத் தோன்றா. ஒன்று, மறைந்துபோன மலைத்தொடரின் ஆழத்தில் வெந்து எழுந்தது. மற்றது, மறைந்துபோன கடலின் அடியிற் படிந்து எழுந்தது. இரண்டையும் தாங்கிய தகடு இக்கணமும் வடக்கு நோக்கி நகர்ந்தவண்ணமே உள்ளது. அந்நகர்வைத் தடுக்க மனிதனால் இயலாது. அதன் இயல்பை அறிந்து, அலை வருமுன் விலகவும், கிணறு உவர்க்குமுன் இறைப்பை அடக்கவும் அவனால் இயலும். அவ்வறிவைப் பிள்ளைகளுக்குக் கையளிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வீட்டு மதிலிலிருந்து ஒரு கல்லும், வினாகிரி சில துளியும், அருகிலிருந்து விளக்க ஒரு மூத்தவரும் போதும்.